விட்டத்தில் ஓடிய படம்

கீழே வண்டி வந்து நின்றதும் அவள் கட்டிலில் கிடந்த கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரே ஒரு ஹாரன். நீட்டி முழக்காமல் நறுக்கென்று. அப்படி அடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள் இந்த ஊரில் ஒருத்திதான். நாத்தனார் வந்துவிட்டாள். ஓட்டி வந்தவர் அவளிடம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் லிப்ட் குழிக்குள் விழுந்து மூன்று வாரம் ஆகிறது. முதுகெலும்பில் விரிசல். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. "மல்லாக்கப் படுத்து அசையாம இருந்தாருன்னா எழுந்து நடப்பாரும்மா, பயப்படாதீங்க" என்று டாக்டர் சொன்னபோது அவள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதாள். எல்லாம் சந்தோஷம்தான். விழுந்தது ஒரு மாடி உயரம். நாலு மாடியாக இருந்திருந்தால்? அதை நினைக்கும்போதெல்லாம் நன்றி, நன்றி என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். யாருக்கு என்று அவளுக்கே தெரியாது.

ஆனால் உயிரோடு வந்தவன் பேச்சை அந்தக் குழியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். தலையணை கூடக் கூடாது என்பதால் டி.வி. பார்க்க வழியில்லை. போனைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். இரண்டாம் நாள் அது கை நழுவி மூக்குத்தண்டில் விழுந்து வீங்கியது. அதோடு போனையும் தொடுவதில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தான். சோம்பேறிகளைத் திட்டத்தான் அப்படிச் சொல்வோம். இவன் விஷயத்தில் அது உள்ளதை உள்ளபடி சொல்வதாகிவிட்டது.

பிறகு போன வாரம் திடீரென்று வாயைத் திறந்தான். "என்னை அக்கா வீட்டுக்கு அனுப்பிடு." ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. அவளையே அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லச் சொன்னான். அக்காவும் "சரிம்மா, ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேன்னு சொல்லு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதுதான்.

நாத்தனார் உள்ளே வந்தாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு டேப்லெட், முகத்தில் வழக்கமான சிடுசிடுப்பு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள். கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து, யாராவது வேகமாக நடந்தால்கூட நாத்தனாரின் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதிக்கும். சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் 'பிரேக்' என்றுதான் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் அந்தப் பெயரைத் தன் மனைவிக்குக் காதோடு காதாகச் சொன்னவன் இதோ படுத்திருக்கிறவன்தான்.

"வாங்க அண்ணி" என்றாள். 

"என்னடா, எப்படி இருக்க?"

"இருக்கேன்."

"அதான் தெரியுதே." நாத்தனார் ஜன்னலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், கடைசியாகக் கூரையைப் பார்த்தாள். அங்கே அவள் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. "வெள்ளை அடிச்சுத்தான் இருக்கு. நல்லது. ஏம்மா, ஜன்னலுக்குப் போட போர்வை இருக்கா? கனமா ரெண்டு எடுத்துட்டு வா."

"துணியெல்லாம் கட்டி வெச்சுட்டேன் அண்ணி, அவர் பையில..."

"பையை விடு. போர்வையைக் கேட்டேன்."

போகிற நேரத்தில் எதற்குப் போர்வை? வண்டியில் விரிக்கவா?  முந்தின நாள் சாயங்காலம் அவனுடைய நாலு வேட்டியை மடித்து அந்தப் பையில் வைத்தபோது, அண்ணியை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டினாள் என்று இங்கே எழுத முடியாது. 'வந்துட்டா தம்பியைத் தூக்கிட்டுப் போக. நான் என்ன கையாலாகாதவளா?' என்பதுதான் அதில் கொஞ்சம் மரியாதையான பகுதி.

நாத்தனார் போர்வைகளை வாங்கி ஜன்னல் கம்பியில் மாட்டினாள். பட்டப்பகலில் அறை இருண்டது. பையிலிருந்து ஒன்றை எடுத்தாள். சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, முன்னால் ஒரு கண்ணாடிக் கண்.

"இது என்ன அண்ணி?"

"புரொஜெக்டர். வகுப்புல ரோட்டுச் சின்னங்களைச் சுவத்துல காட்டுறதுக்கு வாங்கினது. சார்ஜ் ஏத்திட்டா ரெண்டு மணி நேரம் தாங்கும், ஒயர் வேண்டாம். உங்க வீட்டுல நெட் வராதுன்னு தெரியும். அதனால ஆபீஸ்ல உட்கார்ந்து பதினோரு படம் டவுன்லோட் பண்ணி இந்த டேப்லெட்ல வெச்சிருக்கேன். கப்பல் படம், திமிங்கலம் படம், சிரிப்புப் படம், எல்லாம் இருக்கு. நெட்டே இல்லாம பார்க்கலாம்."

நெட் வராது என்பது உண்மை. நாலு பக்கமும் கட்டிடங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிற வீடு. சமையலறை ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினால்தான் போனில் ஒரு கோடாவது எட்டிப் பார்க்கும். இல்லாவிட்டால் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும்.

"எதுக்குக்கா இதெல்லாம்? கிளம்பலாம், வண்டி நிக்குது" என்றான் அவன்.

"வண்டி நிக்கும். நான் சொன்னா நிக்கும்."

நாத்தனார் கட்டிலின் கால்மாட்டில் தரையில் மண்டியிட்டு, பெட்டியை மல்லாக்க வைத்து விசையை அழுத்தினாள். கூரையில் பளிச்சென்று ஒரு நீலச் சதுரம் விழுந்தது. விழுந்த வேகத்தில் துண்டு துண்டாகச் சிதறியது. மின்விசிறி அதன் நடுவே சுற்றிக்கொண்டிருந்தது.

"ஃபேனை நிறுத்து!"

விசிறி நின்றது. நின்ற இறக்கை ஒன்று சதுரத்தின் குறுக்கே மீசை மாதிரி கிடந்தது. ஸ்டூல் மேல் ஏறி அதைத் தள்ளி ஒதுக்கிவிட்டு, பெட்டியையும் ஒரு சாண் நகர்த்தினார்கள். ஐந்து நிமிஷத்தில் மூன்று பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. ஆனால் படம் விழ இடம் கிடைத்துவிட்டது.

நாத்தனார் டேப்லெட்டை ஒயரில் இணைத்து, பெருமையாகக் கப்பல் படத்தைத் தட்டினாள். கூரையில் நாலு வரி எழுத்து வந்தது. பதிவிறக்கம் செய்த படத்தின் கெடு முடிந்துவிட்டதாம். இணையத்தோடு இணைத்துப் புதுப்பிக்க வேண்டுமாம்.

திமிங்கலத்தைத் தட்டினாள். அதே நாலு வரி. சிரிப்புப் படத்துக்கும் அதேதான்.

"இது என்ன அநியாயம்? நான்தானே இறக்கினேன்? என் டேப்லெட்லதானே இருக்கு? தோசைக்கு அரைச்சு வெச்ச மாவா இது, புளிச்சுப் போறதுக்கு?"

"எப்ப இறக்கினீங்க அண்ணி?"

 "அவன் விழுந்த மறுநாளே ஆரம்பிச்சேன்" என்றாள், டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே. "ஆஸ்பத்திரியில மல்லாக்கப் படுத்திருந்தானே, அதைப் பார்த்தேன். மத்தவங்க பழம் வாங்கிட்டு வந்தாங்க. எனக்கு இதுதான் தோணுச்சு. நேர்ல வந்து கொடுக்கத்தான் கூச்சமா இருந்தது. நீ என்ன நினைச்சுக்குவியோன்னு."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரிக்கு வந்ததோடு சரி, அண்ணி வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று, தான் வேலை பார்க்கும் கேக் கடையில் போனில் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

"சரி விடு, இந்தப் பெட்டிக்குள்ளேயே எங்க ஸ்கூல் பாடம் ஒண்ணு இருக்கு. வெளிச்சம் சரியா விழுதான்னு மட்டும் பார்ப்போம்." நாத்தனார் எதையோ தட்டினாள். கூரையில் கார் படம் ஒன்று வந்தது. 'பின்பக்கமாக வந்து வண்டியை நிறுத்தும் முறை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு.

"தெரியுதாடா?"

"நல்லா தெரியுதுக்கா."

கோடுகள் வந்தன, அம்புக்குறிகள் வந்தன. கால்மாட்டில் நின்றுகொண்டு இரண்டு பெண்களும் அண்ணாந்து பார்த்தார்கள். அவளுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. கூரையைப் பார்க்காமல் கணவனின் முகத்தைப் பார்த்தாள். புருவம் சுருங்கியிருந்தது. பார்வை ஓரிடத்தில் நிற்காமல் தவித்தது.

கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், சுவரோரமாக அவனுக்குப் பக்கத்தில் இருந்த இத்தனூண்டு இடத்தில், அவனை இடிக்காமல், அவன் தலைப்பக்கமே தன் தலையும் இருக்கும்படி மெதுவாகப் படுத்தாள்.

எல்லாமே தலைகீழாக இருந்தது. எழுத்து, கார், அம்புக்குறி, எல்லாமே.

"தலைகீழா இருக்கே! ஏங்க, இதைப் போய் நல்லா தெரியுதுன்னு சொன்னீங்க?"

"பரவாயில்ல, புரியுது."

"என்ன புரியுது? கார் சக்கரத்தைத் தூக்கிட்டு நிக்குது! ஒரு வார்த்தை சொன்னா பெட்டியைத் திருப்பி வைக்க மாட்டோமா?"

"ரெண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து நிக்கிறீங்க. திரும்பவும் எதுக்குச் சிரமம்னு..."

சிரமம். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன வாரம் சமையலறை ஜன்னலில் பாதி உடம்பை நீட்டிக்கொண்டு கேக் கடை முதலாளியம்மாவிடம் இன்னும் பத்து நாள் லீவு கேட்டுக் கெஞ்சினாள். கல்யாண கேக் மூன்று காத்திருக்கிறது, கிரீமில் பூ போட ஆள் இல்லை என்று அந்த அம்மா கத்தியது இந்தக் கட்டில் வரை கேட்டிருக்கும். அன்று சாயங்காலம்தான் இவன் வாயைத் திறந்தது.

"என் லீவுக்காகத்தானே அக்கா வீட்டுக்குப் போறேன்னீங்க?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சொல்லுங்க."

"நீ பூ போட்டா அந்தக் கடையில கூட்டம் நிக்கும். இங்க என் வாய்க்குக் கரண்டி பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்க" என்றான் கூரையைப் பார்த்தபடி. "அந்த அம்மா வேற ஆளைப் போட்டுட்டா?"

"போடட்டும். எனக்கு அந்தக் கேக்கா முக்கியம்? குழியிலேருந்து உங்களை உயிரோட தூக்கிட்டு வந்தாங்களே, அன்னிக்கு நான் வேற எதுவும் கேட்கலைங்க. நீங்க சிரமம்னா, அந்தச் சிரமம் எனக்கு வேணும். கைக்கெட்டுற தூரத்துல வேணும்." அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. படுத்தபடியே அழுதால் கண்ணீர் காதுக்குள் போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று வாரமாக இவன் காதோரம் ஏன் அடிக்கடி ஈரமாக இருந்தது என்பதும் தெரிந்தது. வேர்வை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் கனைத்தாள். "நான் பெட்டியைத் திருப்பி வைக்கிறேன்" என்றாள்.

திருப்பி வைத்தாள். கூரையில் கார் சக்கரத்தை ஊன்றி ஒழுங்காக நின்றது. "சத்தம் கேக்கலையே அண்ணி" என்று அவள் எழுந்து போய், பெட்டியின் ஒலியைக் கூட்டிவிட்டு மறுபடி வந்து படுத்தாள். வகுப்பில் ஒலியைக் குறைத்துவிட்டு நாத்தனாரே நின்று பேசுவது வழக்கம். இப்போது பெட்டிக்குள்ளிருந்து அவளுடைய பழைய குரல் கணீரென்று வந்தது: "அடுத்து, தவறான முறை."

"அய்யய்யோ!" என்றாள் நாத்தனார். "அடுத்து அது வரும்ங்கிறதை மறந்தே போயிட்டேனே!"

கூரையில் ஒரு மைதானம் வந்தது. ஆரஞ்சுக் கூம்புகள் இரண்டு வரிசை. நடுவே ஒரு கார் பின்பக்கமாக வந்தது. முதல் கூம்பைச் சாய்த்தது. இரண்டாவதை இழுத்துக்கொண்டே வந்தது. மூன்றாவதன் மேல் ஏறி நின்றுவிட்டது. கதவைத் திறந்துகொண்டு ஒல்லியாக ஓர் ஆள் இறங்கினான்.

அவனேதான். பத்து வருஷத்துக்கு முந்திய லிப்ட் மெக்கானிக். மீசை பாதிதான் முளைத்திருந்தது.

இறங்கி நடந்தான். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். குனிந்து கூம்பைப் பிடுங்கினான், வரவில்லை. நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, டயரை ஓர் உதை உதைத்தான். காலை உதறிக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தான்.

 படுத்த படுக்கையாகக் கிடக்கிறவனுக்கு, அவனே நடப்பதையும் குனிவதையும் குதிப்பதையும் போய்க் காட்டிவிட்டோமே! அவள் எழுந்து பெட்டியின் விசையைத் தேடினாள்.

"விடு" என்றான் அவன். "நிறுத்தாத."

"ஏங்க..."

"விடு கிரீமு. நான் பார்க்கணும்."

கிரீமு! மூன்று வாரம் கழித்து அந்தப் பெயர் அவன் வாயிலிருந்து வந்தது. கல்யாணமான மறுநாள் அவள் காதில் கிரீம் ஒட்டியிருந்ததைப் பார்த்து அவன் வைத்த பெயர்.

கூரையில் அந்த ஒல்லி ஆள் மறுபடி காரில் ஏறினான். இந்தத் தடவை கூம்புகளைத் தொடவே இல்லை. நேராகப் போய் மைதானத்துச் சுவரில் முட்டினான்.

படுக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் வலி என்றுதான் அவள் பயந்தாள். பார்த்தால், அவன் சிரித்துக்கொண்டிருந்தான். வயிறு குலுங்க முடியாமல், மூக்கால், தொண்டையால், கண்ணால் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா... பத்து வருஷமா... என்னையா காட்டிட்டு இருக்க... ஊரு பூரா பசங்களுக்கு?"

"நீதானேடா கூம்பைப் பூரா நசுக்கின? உன்னை விட நல்ல தப்பு எங்க கிடைக்கும்? உன்னைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் லைசென்ஸ் வாங்குறாங்க!"

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்க... முதுகு வலிக்குது..."

"அசையாதீங்க, அசையாதீங்க!" என்று ஓடி வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள், அழுதாள். எது எப்போது நின்று எது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை.

கீழே ஹாரன் கேட்டது. நறுக்கென்று ஒன்று.

மூன்று பேரும் அடங்கினார்கள்.

"என்னடா சொல்ற?" என்று நாத்தனார் தம்பியைக் கேட்டாள். "நீ கூப்பிட்ட, வண்டி கொண்டு வந்தேன். உனக்கு இங்கேயே இருக்க மனசு இருந்தா என்ன பண்றதுன்னு இந்தப் பெட்டியையும் கொண்டு வந்தேன். ரெண்டுல எது வேணும்னு நீயே சொல்லு. அவ வேலைக்குப் போறதைப் பத்திக் கவலைப்படாத. பத்து மணிக்கு மேல நாலு மணி வரைக்கும் எனக்கு வகுப்பு கிடையாது. இங்க வந்து உட்கார்ந்துக்குவேன். கரண்டி பிடிக்க எனக்கும் தெரியும்."

 அவன் பக்கத்தில் இருந்த மனைவியின் கையைத் தேடிப் பிடித்தான்.

"உன் வீட்டுக் கூரை என்னக்கா?"

"மரப் பலகை. கறுப்பா இருக்கும்."

"அதுல படம் தெரியாது" என்றான். "வண்டியை அனுப்பிடு."

அவள் எழுந்து நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, உங்களை நான் மனசுக்குள்ள என்னவெல்லாமோ..." என்று ஆரம்பித்தாள்.

"நானும்தான்" என்றாள் நாத்தனார். "அதை விடு. உன் நன்றியெல்லாம் கேக்கா செஞ்சு கொடு, எனக்குப் பேசத் தெரியாது." ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை. 

பிறகு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அப்படியே மொட்டை மாடிக்கு ஏறி, கெடு முடிந்த பதினோரு படத்துக்கும் உயிர் கொடுத்துக்கொண்டு அரை மணி கழித்து வந்தாள். அதற்குள் அவன் மனைவி தரையில் பாயை விரித்திருந்தாள். கட்டிலில் மூன்று பேருக்கு இடம் இல்லை. பெண்கள் இருவரும் அவன் தலைப்பக்கமே தலை வைத்துப் பாயில் படுத்தார்கள்.

"கப்பலா, திமிங்கலமா?" என்றாள் நாத்தனார்.

"பாடத்தையே இன்னொரு தடவை போடுக்கா. சுவத்துல முட்டுற இடம் சரியா பார்க்கல. சிரிச்சதுல கண்ணுல தண்ணி."

மறுபடியும் கூம்புகள் வந்தன, கார் வந்தது, ஒல்லி ஆள் வந்தான். இந்தத் தடவை அறையில் யாரும் சிரித்து அமளி பண்ணவில்லை. அதனால்தான் அது கேட்டது. கார் சுவரில் முட்டுகிற இடத்தில், கேமராவுக்குப் பின்னால் ஓர் ஆம்பளைச் சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல், வெடித்து வந்தது. படமே அந்தச் சிரிப்பில் ஆடியது.

"அக்கா" என்றான் அவன் மெதுவாக. "கேமரா பிடிச்சது மாமா இல்ல?"

வேலை என்று வேறு ஊருக்குப் போன மாமா, அக்காவின் கணவன். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் பேர் எடுத்துப் பேசாத மாமா.

 வகுப்பில் இவ்வளவு நாளும் நாத்தனார் ஒலியை ஏன் குறைத்து வைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. பாயில் அவளுடைய வலது கால் மட்டும் இருட்டில் விறைத்து நீண்டு, இல்லாத பிரேக்கை அழுத்து அழுத்தென்று அழுத்தியது.

அவன் மனைவி அந்தக் காலின் மேல் தன் காலைப் போட்டுக்கொண்டாள். அதன் விறைப்பு மெல்ல மெல்லத் தளர்ந்தது.

படம் முடிந்து கூரை வெறும் நீலமானது. யாரும் எழவில்லை.

"ஏம்மா" என்றாள் நாத்தனார், தொண்டையைச் சரிசெய்துகொண்டு. "அந்தச் சிரிப்பு வர்ற இடத்துலேருந்து இன்னொரு தடவை போடு. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை."